மாண்டரின் மீனைப் பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி: செட்டிநாட்டு வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

"அண்ணே, எதைப் போட்டாலும் திங்க மாட்டேங்குது. என்ன செய்ய?" மாண்டரின் வாங்கி ஒரு மாதம் ஆனவர்களிடமிருந்து இந்தக் கேள்விதான் வரும். அதற்குள் மீனின் வயிறு ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் கொடுக்கிற பதில் பாதிதான் பலிக்கும். மீதிப் பதில் மீன் வருவதற்கு ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகளில் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தொட்டி, அப்புறம் மீனுக்கான இரை, அந்த இரை தானாகப் பெருகுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மீன்.

காரணம் எளிது. மாண்டரின் மேற்குப் பசிபிக் பவளத்திட்டுகளில் வாழும், ஏழெட்டு செ.மீ.க்கு மேல் வளராத மீன். முற்றத்தில் மேயும் கோழியைப் போல நாள் முழுக்கக் கல்லையும் மணலையும் கொத்திக்கொண்டே இருக்கும். அது தேடுவது பெரும்பாலும் கோப்பிபாட் எனப்படும் பொடி உயிர்கள். குட்டிப் புழுக்களும் மீன் முட்டைகளும் கிடைத்தால் அவற்றையும் எடுக்கும். வாய் சின்னது. ஒரு வேளை நிறையப் போட்டுவிட்டு அடுத்த நாள் வரை விட்டுவிடலாம் என்ற கணக்கு இதனிடம் நடக்காது. கடையில் விற்கிற குருணைத் தீனியை இது உணவென்றே எடுத்துக்கொள்வதில்லை.

## 1. இடத்தை முடிவு செய்யுங்கள்

250 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் முதல் மாண்டரினை வைக்க வேண்டாம். சின்னத் தொட்டியில் வளர்ப்பவர்கள் உண்டுதான். ஆனால் அவர்கள் தினமும் மூன்று நான்கு முறை உயிர் இரை கொடுக்கிறவர்கள். புதிதாக வருகிறவருக்கு அது தாங்காது. பெரிய தொட்டியில் கல் அதிகம், கல் அதிகமானால் கோப்பிபாட் ஒளிந்து பெருக இடம் அதிகம். அளவு முக்கியமாவது அதனால்தான், மீன் நீந்துவதற்காக அல்ல.

தண்ணீர், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 350 கிலோவைத் தாண்டும். பழைய வீடுகளில் மாடித்தளம் மர உத்திரத்தில் நிற்கிறது, அங்கே ஏற்றாதீர்கள். கீழே வைத்தாலும் ஆத்தங்குடிக் கல் மேல் நேராக வைக்க வேண்டாம். அது சிமென்ட்டில் கையால் செய்யும் கல், உப்புத் தண்ணீர் சிந்திச் சிந்திக் காய்ந்தால் வெள்ளை பூத்துப் பளபளப்புப் போய்விடும். ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் பிளைவுட் போட்டு, அதன் மேல் ஸ்டாண்டு.

வளவில் வெயில் நேராக விழும் ஓரத்தைத் தவிருங்கள். இரண்டாங்கட்டில் கனமான சுவருக்கு அருகில் ஓர் இடம் கிடைத்தால் அதுதான் சரி. பகல் முழுக்க அங்கே சூடு ஒரே மாதிரி இருக்கும். சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இந்த மீனுக்கு ஆகாது.

## 2. தண்ணீர்

காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொட்டிக்கு அப்படியே ஊற்றக் கூடாது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் பாசியைக் கிளப்பும். குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆர்ஓ, அதற்குப் பின் மீதி உப்பையும் நீக்குகிற டிஐ வடிகட்டி என இரண்டையும் கடந்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீர்தான் வேண்டும்.

இங்கே பலர் வழுக்குவது சமையலறை ஆர்ஓ இயந்திரத்தில். அதில் ருசிக்காகத் தாது சேர்ப்பார்கள். இப்போது வருகிற பலவற்றில் தாமிரம் சேர்க்கிற கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. நமக்கு நல்லது என்று விற்கிற அதே தாமிரம் கோப்பிபாட்டுக்கு விஷம். கொஞ்சம் இருந்தாலும் இரை முழுக்கச் செத்துவிடும், மீன் மட்டும் உயிரோடு பசியில் நிற்கும். அதனால்தான் காரணம் தெரியாமல் பலர் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

அதே காரணத்துக்காக, வீட்டில் இருக்கிற செம்புக் குடம், பித்தளை அண்டா எதிலும் இந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்காதீர்கள். ஆச்சி ஆசையோடு துலக்கி வைத்த பாத்திரமாக இருந்தாலும் வேண்டாம். உணவுப் பொருளுக்கான பிளாஸ்டிக் வாளி இரண்டு தனியாக வாங்கி, "மீன்" என்று எழுதி வைத்துவிடுங்கள். சோப்பும் அதற்குள் போகக் கூடாது.

தொண்டிக் கடல் பக்கத்தில்தானே, தண்ணீரை அங்கிருந்தே எடுத்து வரலாமே என்று கேட்பார்கள். பாக் விரிகுடாக் கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும், படகுகளின் டீசல் கலந்திருக்கலாம், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு உப்பு இறங்கியும் போகும். கலவை உப்பு வாங்கி வீட்டில் கலப்பதுதான் நிம்மதி. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம். கலந்து ஒரு நாள் முழுக்கப் பம்ப் ஓடிய பிறகு அளந்து பாருங்கள். அடர்த்தி 1.026, உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு).

## 3. கல்லும் சம்பும்

முதலில் ஒரு எச்சரிக்கை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போகும்போது கரையில் கிடக்கிற பவளக்கல்லை எடுத்து வராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அதோடு, கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "செத்த கல்லுதானே" என்ற வாதம் செக்போஸ்ட்டில் எடுபடாது.

கடையில் கிடைக்கிற செயற்கை உலர்கல், துளை நிறைந்த பீங்கான் கல், இவை போதும். 250 லிட்டருக்கு 25 முதல் 30 கிலோ. ஒன்றோடொன்று நெருக்கி அடுக்காமல் இடுக்கும் குகையும் வருகிற மாதிரி அடுக்குங்கள். மணலை 3 செ.மீ. அளவு பரப்பினால் போதும், ரொம்பப் பொடியாகவும் இல்லாமல் கூரான சரளையாகவும் இல்லாமல். மாண்டரின் மணலில் ஊர்ந்தபடிதான் பாதிப் பொழுதைக் கழிக்கும்.

தொட்டிக்குக் கீழே சம்ப் வையுங்கள், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து பம்ப் வழியாகத் திரும்பப் போகிற இன்னொரு தொட்டி. அதில் ஓர் அறையைக் கோப்பிபாட்டுக்கு என்றே ஒதுக்குங்கள். அந்த அறையில் உடைந்த கல் துண்டுகளைக் குவித்து, கீட்டோ என்கிற கம்பி போன்ற பச்சைப்பாசியை ஒரு கைப்பிடி போட்டு, மேலே சின்ன எல்இடி. மேல் தொட்டியில் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் இது எரியட்டும். இரண்டு நன்மை. இரவில் தண்ணீரின் பிஎச் இறங்காமல் இருக்கும். மீன் எட்டாத இடத்தில் இரை பெருகிக்கொண்டே இருந்து, பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். பம்பில் அடிபட்டுச் செத்துவிடாதா என்றால், பெரும்பாலானவை பிழைத்துத்தான் போகின்றன.

சம்புக்குத் தண்ணீர் இறங்கும் இடத்தில் மாட்டுகிற வடிகட்டிப் பையான ஃபில்டர் சாக் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் கழுவுவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசி அந்தத் தண்ணீரைச் சம்பில் ஊற்றுங்கள். ஒரு தரம் அலசிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை உயிர்களைச் சாக்கடையில் ஊற்றியிருப்போம் என்று தெரியும்.

## 4. காத்திருத்தல்

தொட்டியில் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-வுக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உலர்கல் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் குடியேறுகிற வழக்கமான சுழற்சி இது, இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். தண்ணீர் சோதனையில் எல்லாம் சரி என்று வந்ததும் மாண்டரினை வாங்கி விடுகிறார்கள். தண்ணீர் தயார், சாப்பாடு தயாராகவில்லை. கல் முதலில் பழுப்பாகும், பிறகு பச்சை பிடிக்கும், அப்புறம் ஊதாப் பூச்சு வரும். இந்தப் பழுப்பையும் பச்சையையும் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்கிறவர்கள் கோப்பிபாட்டின் சோற்றில் மண் போடுகிறார்கள். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின் கண்ணாடியையும் கல்லையும் விட்டுவிடுங்கள்.

நைட்ரேட் 5-10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் வாக்கில் இருந்தால் நல்லது. இரண்டையும் 0 ஆக்கிவிட்டுப் பெருமைப்பட வேண்டாம். பாசியே வளராத தொட்டியில் பாசி தின்கிற உயிரும் இருக்காது.

## 5. பச்சைத் தண்ணீர்

கோப்பிபாட் தின்பது மிதவைப் பாசி. வாங்கிக்கொண்டே இருந்தால் செலவு தாளாது, வீட்டிலேயே வளர்க்கலாம். புதியவர்களுக்கு நானோகுளோராப்சிஸ் சுலபம், டெட்ராசெல்மிஸ் சத்தானது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான 2 லிட்டர் பாட்டிலில் 25 பிபிடி உப்புத் தண்ணீர் முக்கால் அளவு. எஃப்/2 என்கிற பாசி உரம், உர பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஒரு சொட்டுக் கூட வேண்டாம். கால் பாட்டில் விதைப்பாசி. அடி வரை போகும் கெட்டியான குழாயில் காற்று, குமிழ் வேகமாக. பக்கத்தில் வெள்ளை எல்இடி, நாளுக்கு 16 மணி நேரம். ஒரு வாரத்தில் கரும்பச்சையாகும். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைப் புதுத் தண்ணீரில் தொடருங்கள்.

இரண்டு பாட்டிலுக்குக் குறையாமல் வையுங்கள். ஒன்று எப்போதாவது திடீரென்று மஞ்சளாகிக் கீழே படிந்துவிடும். அது நாறினால் கொட்டிவிட வேண்டியதுதான், காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

## 6. கோப்பிபாட் வளர்ப்பு

இதைப் பச்சைத் தண்ணீர் இருக்கும் அலமாரியிலேயே வைக்காதீர்கள். இதில் தொட்ட குழாய், அதில் தொட்ட ஸ்பூன் என்று ஒன்று போனாலும் பாசிப் பாட்டிலுக்குள் கோப்பிபாட் புகுந்து இரண்டே வாரத்தில் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும். வேறு அறையாக இருந்தால் உத்தமம். கருவிகளும் தனித்தனி.

வாங்கும்போது தரையிலும் சுவரிலும் ஊர்கிற வகையைக் கேளுங்கள். டிஸ்பி நல்லது. தண்ணீரில் மிதந்தே வாழும் வகை, நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்குத்தான் தீனியாகும், மாண்டரின் கொத்துவது கல்லில் ஒட்டியிருப்பதை. டிக்ரியோபஸ் பெரிதாகவும் சிவப்பாகவும் இருக்கும், மீனுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பரவலாக விற்கிற இனம் குளிர்ந்த கடலைச் சேர்ந்தது, சித்திரை வெயிலில் நம் ஊரில் பெருகுவது கஷ்டம்.

அகலமான 10 லிட்டர் டப், பாதிக்கு மேல் தண்ணீர், அடர்த்தி 1.022 அளவு. காற்று மெதுவாக, விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழ். பச்சைத் தண்ணீரை வெளிர்ப்பச்சை வரும் வரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும், தெளிந்தால் மறுபடி ஊற்றுங்கள். தெளிவதற்குள் ஊற்றினால் அடியில் அழுகும். இதில் நிதானம் தவறுவது பெரும்பாலும் அன்பினால்தான், "பாவம் பசிக்குமே" என்று.

மூன்று நான்கு வாரத்தில் டப்பின் சுவரில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுவது தெரியும். வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை 50-60 மைக்ரான் சல்லடையில் வடித்து எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கூட்டம் மீளாது.

## 7. தொட்டியில் விதைப்பது

சுழற்சி முடிந்து, கல்லில் பச்சை தெரியத் தொடங்கியதும் விதையுங்கள். அப்போது தொட்டியில் அவற்றைத் தின்ன ஆள் இருக்கக் கூடாது, குறிப்பாக ராஸ் வகை மீன்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, ஸ்கிம்மரையும் யூவி விளக்கையும் பம்பையும் நிறுத்திவிட்டு, குழாய் வைத்துக் கல்லிடுக்குகளில் விடுங்கள். பாதியைச் சம்பில். பம்பை அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். ஸ்கிம்மர் காலை வரை ஓய்வெடுக்கட்டும்.

மேலே இருந்து மொத்தமாக ஊற்றுவது வீண். வெளிச்சத்தில், ஓட்டத்தில் விட்டவை கல்லைப் போய்ச் சேர்வதற்குள் பாதி காணாமல் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று நான்கு தடவை விதையுங்கள். வாரம் இரண்டு முறை கொஞ்சம் பச்சைத் தண்ணீரும் ஊற்றுங்கள்.

## 8. டார்ச் சோதனை

மீன் வாங்கலாமா என்பதைச் சொல்வது நாள்காட்டி அல்ல, இந்தச் சோதனை. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, தொட்டியின் கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் பத்திருபது வெள்ளைப் பொடிகள் விட்டு விட்டு ஓடினால், கல்லைத் தொட்டால் அங்கிருந்தும் சிதறினால், தயார். நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஒரே மூலையில் கூட்டமாக இருப்பது கணக்கில் வராது.

ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும். பொதுவாக இதற்குத் தொட்டி ஆரம்பித்து ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகிவிடும். உலர்கல் தொட்டியில் ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

## 9. மீனைத் தேர்ந்தெடுப்பது

சென்னை கொளத்தூர்க் கடைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கடைக்காரர் வலையில் எடுத்துக் காட்டுவதற்கு முன் கண்ணாடி முன்னால் ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள்.

சாப்பிடுகிற மாண்டரினின் வேலையைப் பாருங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். பக்கத் துடுப்பு விடாமல் விசிறும், உடம்பு ஓரிடத்திலேயே நிற்கும். தலை லேசாகச் சாயும். பிறகு வாய் ஒரு சின்னக் குழாய் போல முன்னால் நீண்டு ஒரே கொத்து. சில விநாடிக்கு ஒரு தரம் இப்படிக் கொத்திக்கொண்டே நகர வேண்டும். ஒரே மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மீன் "சாது" அல்ல, பசியில் சோர்ந்தது.

அப்புறம் வயிறு. பக்கவாட்டில் பார்த்தால் வயிறு லேசாக உருண்டு இருக்க வேண்டும், நேர்கோடாகக் கூட இருக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் சதை குழிந்திருக்கக் கூடாது. முதுகெலும்பின் வரி பக்கத்தில் துருத்தித் தெரிந்தால் விட்டுவிடுங்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும். இரக்கப்பட்டு வாங்கிய மெலிந்த மீனைப் புதியவர் தேற்றுவது அபூர்வம்.

பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். உறைந்த உணவு பழகியிருக்கும். "சாப்பிடும் சார்" என்றால் போதாது, போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் முதுகுத் துடுப்பின் முன் முள் நீண்டிருந்தால் ஆண். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான். இரண்டு ஆண்களைப் போட்டால் ஒன்று சாகும் வரை சண்டை.

பிற்பகலில் எழும்பூரில் பல்லவன் ஏறினால் இரவே காரைக்குடி. தெர்மாகோல் பெட்டியில் பை நிற்காமல் படுத்திருக்கட்டும், தண்ணீரை விடக் காற்று அதிகமாக இருக்கட்டும். ஐஸைப் பையோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள்.

## 10. முதல் இரண்டு வாரம்

வந்த இரவு விளக்கை அணைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பையின் தண்ணீரோடு சேர்த்துப் பழக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் தாமிர மருந்து இருக்கலாம்.

வெறும் கண்ணாடித் தொட்டியில் தனிமைப்படுத்தித் தாமிர மருந்து போடுவது மற்ற மீன்களுக்கு வழக்கம். மாண்டரினுக்கு அது சரிவராது. இதன் உடம்பில் செதில் கிடையாது, கெட்டியான வழவழப்புப் பூச்சுத்தான் காப்பு. அதனால் வெண்புள்ளி நோய் எளிதில் ஒட்டாது. ஆனால் தாமிரத்தைத் தாங்காது, வெறும் தொட்டியில் பட்டினியும் கிடக்கும். தனித் தொட்டியில் வைக்க விரும்பினால் அதிலும் கல்லும் கோப்பிபாட்டும் வேண்டும். வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய் மாண்டரினையும் விடாது. எனவே அதோடு ஒரே தொட்டியில் இருக்கப்போகிற மற்ற மீன்களைத்தான் முன்கூட்டியே சுத்தம் பார்த்து விட வேண்டும்.

முதல் இரண்டு நாள் ஒளிந்திருக்கும். கையை விடாதீர்கள். இரவில் நிறம் மங்கி வெளிறிப் போவதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தூங்குகிறது, அவ்வளவுதான். காலையில் நிறம் திரும்பிவிடும்.

## 11. உறைந்த உணவுக்குப் பழக்குவது

இது கட்டாயமில்லை. ஆனால் பழகிவிட்டால் வெளியூர் போகும்போது உங்களுக்கு நிம்மதி. பசியால் பழக்க முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். "பட்டினி கிடந்தால் தானாகத் தின்னும்" என்கிற யோசனை நாய்க்குட்டிக்குக் கூட நல்லதல்ல, மாண்டரினுக்குக் கொலை. வயிறு நிறைந்த மீன்தான் புதியதைத் தொட்டுப் பார்க்கும்.

முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு, அதாவது உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரின் குஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25-30 கிராம் உப்பு, அரை ஸ்பூன் முட்டை, அடியிலிருந்து பலமாகக் காற்று, பக்கத்தில் விளக்கு. நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையில்லை, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் விளக்குப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கூடும். அதை மட்டும் குழாயால் உறிஞ்சி, சோப்பு வாடை இல்லாத மெல்லிய துணியில் வடித்து அலசுங்கள். ஓடு வயிற்றில் அடைக்கும், அது போகக் கூடாது.

பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். குஞ்சின் சத்து அதன் கருமஞ்சளில்தான், நேரம் போகப் போக அது கரைந்துவிடும். மறுநாள் கொடுக்க வேண்டி வந்தால் அரை நாள் பச்சைத் தண்ணீரில் மேயவிட்டுக் கொடுங்கள். அதோடு ஆர்ட்டீமியா மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், அது துணை உணவுதான்.

எப்படிக் கொடுப்பது? சும்மா தூவினால் கோமாளி மீன்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். மாண்டரின் யோசித்து முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். ஒரு சின்னக் கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை எண்ணெய்ப் பிசுக்கும் காரமும் போக வெந்நீரில் பல முறை அலசி, மணலில் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாய் மாண்டரின் நுழைகிற அளவு, பெரிய மீன்கள் தயங்குகிற அளவு. மெல்லிய குழாயை அடிவரை விட்டு, பம்ப்பைக் கால்மணி நேரம் நிறுத்தி, இரையை உள்ளே இறக்குங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். சில நாளில் குழாயைப் பார்த்ததும் மீன் பாட்டில் வாயில் வந்து நிற்கும்.

அந்த நிலை வந்த பிறகு உயிர் இரையோடு கொஞ்சம் உறைந்த சைக்ளோப்ஸ், கலானஸ் (இரண்டும் கோப்பிபாட் வகைகள்), பொடி மீன்சினை கலந்து இறக்குங்கள். இறால் போன்ற பெரிய மைசிஸை நறுக்கிப் போட்டால்தான் வாய்க்குள் போகும். வாரத்துக்கு வாரம் உறைந்ததைக் கூட்டி உயிர் இரையைக் குறையுங்கள். வாயில் எடுத்துத் துப்பினால் கோபப்பட வேண்டாம், துப்புவதுதான் முதல் படி. சந்தையில் வாங்கிய மீனின் சினை வேண்டாம். எத்தனை நாள் எந்த ஐஸில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

சில மீன்கள் கடைசி வரை பழகாது. அதற்காகத்தான் முதல் எட்டுப் படிகளும்.

## 12. பிறகு தினமும்

பழகிய மீனுக்கு நாளுக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. மீந்தது பாட்டிலிலேயே இருக்கும், உறிஞ்சி வெளியே எடுப்பது சுலபம்.

ஞாயிறு தோறும் ஒரே கோணத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவது தெரியாது, நான்கு படத்தை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை டார்ச் சோதனை. புள்ளிகள் குறைந்திருந்தால் டப்பிலிருந்து ஒரு வடிப்பு.

புது மீன் சேர்க்கும்போது ஒரே கேள்வி: இது கோப்பிபாட் தின்னுமா? ஆறுகோட்டு ராஸ், சிறுத்தை ராஸ், மாண்டரினின் உறவான வேறு டிராகனெட் மீன்கள் எல்லாம் அதே இலையில் உட்காருகிறவை. கம்பள அனிமோன் என்கிற கடல் சாமந்தி மெதுவாக நகரும் மாண்டரினைப் பிடித்துவிடும், அதுவும் வேண்டாம். மேலே வலை மூடி போடுங்கள், மாண்டரின் துள்ளும்.

## 13. வெயில், கரண்ட், கொசு

தண்ணீர் 25-26 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் வெளியே 38, 39 போகும். உள்நாட்டுக் காற்று வறட்சியாக இருப்பதால் தண்ணீர்ப் பரப்பின் மேல் இரண்டு சின்ன விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி குறைவு. ஆனால் விசிறி ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத டிஐ தண்ணீரை மிதவை சுவிட்ச் வைத்துத் தானாக நிரப்புங்கள். விசிறி போதவில்லை என்றால் சில்லர். அதன் சூட்டுக்காற்று வளவுப் பக்கம் வெளியேறும்படி வையுங்கள், அலமாரிக்குள் அடைத்தால் அதுவே அறையைச் சுட வைக்கும்.

பராமரிப்புக்கென்று பகல் முழுக்கக் கரண்ட் போகிற நாள் வரும். இன்வர்ட்டரில் ஒரு சின்ன அலைப் பம்ப் மட்டும் ஓடினால் போதும். அதுவும் இல்லாதவர் பேட்டரி காற்றுப் பம்ப் இரண்டு வாங்கி வையுங்கள். அன்று உணவு போடாதீர்கள். கரண்ட் வந்ததும் சம்ப் வழியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொசு மருந்துதான் சத்தமில்லாமல் கொல்வது. கொசுவத்தி, திரவ மருந்து, தெருவில் அடிக்கிற புகை, கரையானுக்குத் தெளிப்பது எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. பூச்சியைக் கொல்கிற அது கோப்பிபாட்டையும் கொல்லும், இரண்டும் உறவுக்கார உயிர்கள். தொட்டி இருக்கிற அறையில் கொசுவலைதான். புகை வண்டி வருகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை முகப்பிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

## 14. மெலிந்துவிட்டால்

முதலில் எதிரியை விலக்குங்கள். வலைப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, உள்ளே ஒரு சின்னக் கல்லோடு மீனை விடுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை ஆர்ட்டீமியாக் குஞ்சு, டப்பிலிருந்து வடித்த கோப்பிபாட். கொத்துகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கொத்தினால் பத்து நாளில் தலைக்குப் பின்னாலுள்ள குழி நிரம்பத் தொடங்கும், வயிறு அதற்குப் பிறகுதான் வரும்.

நன்றாகத் தின்றும் சதை பிடிக்கவில்லை என்றால் உள்ளே புழு இருக்கலாம். மருந்து என்றால் தனித் தொட்டியில், உணவில் கலந்து. பெரிய தொட்டியில் ஊற்றினால் புழுவோடு ஆறு மாதமாக வளர்த்த இரையும் போகும். தாமிரம் எந்தக் காரணத்துக்கும் பெரிய தொட்டியில் வேண்டாம், கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பல மாதம் கசியவிடும்.

## 15. துணை சேர்ப்பது

ஆணுக்கு ஒரு பெண் சேர்க்கலாம், இரண்டும் ஒத்துப்போகும். விளக்கு அணைகிற நேரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொண்டு கல்லுக்கு மேலே எழும்பி முட்டை விடுவதையும் சில வீடுகளில் பார்க்கலாம். ஆனால் இரை இரட்டிப்பாக வேண்டும். முதல் மீன் வந்து ஆறு மாதம் ஆகி, அதன் வயிறு உருண்டே இருந்து, டார்ச் சோதனையில் புள்ளிகளும் குறையாமல் இருந்தால் வாங்குங்கள். அதுவும் ஆண் ஏற்கெனவே உறைந்த உணவு தின்கிறது என்றால் மட்டும்.